பன்னிரண்டாயிரம் அடி உயரத்து உப்பு

உப்பு அம்பாரத்தின் மேல் ஒருவன் எச்சில் துப்பியதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, அவன் வாங்கிக் கொடுத்த பிரியாணியையும் தின்றேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிந்தால் அது இன்னும் அசிங்கம்.

என் பெயர் தெய்வநாயகி. மரக்காணம் உப்பளத்தில் முப்பத்தைந்து வருஷமாக உப்பு வாருகிறேன். எங்கள் அளத்தில் யாரும் செருப்போடு பாத்திக்குள் இறங்க மாட்டோம். முதலாளி சக்கரபாணியே வந்தாலும் அவர் செருப்பு வரப்போடு நின்றுவிடும். அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. வாயில் போகிற பொருள், அவ்வளவுதான். கால் வெடித்து ரத்தம் வந்தால்கூட பழைய துணியைச் சுற்றிக்கொண்டு இறங்குவோமே தவிர, ரோட்டில் போட்டு நடந்ததை மாட்டிக்கொண்டு இறங்க மாட்டோம்.

மாசி மாதம், உப்பு நன்றாக விளைந்து அம்பாரம் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்ற சமயம், பக்கத்து ஊர் அனுமந்தையிலிருந்து கலையரசன் என்று ஒருவன் வந்தான். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். மலை ஏறுகிறவர்களுக்கு வேண்டிய ஷூ, டென்ட், பை, கம்பளிக் கோட்டு, இதையெல்லாம் போட்டுப் பார்த்து எது நல்லது என்று செல்போனில் வீடியோ போடுகிறவனாம். கம்பெனிக்காரர்களே பொருளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். சக்கரபாணியிடம் பேசி அரை நாளைக்கு அம்பாரத்தைக் கேட்டு வாங்கியிருந்தான்.

மணி பதினொன்று. அந்த வெயிலில் உப்பைப் பார்த்தாலே கண் கூசும். அவன் கழுத்து வரைக்கும் ஜிப் போட்ட பெரிய கோட்டு, கையுறை, குல்லா, முழங்கால் வரைக்கும் சுற்றிய துணி, காலில் மொத்தமான ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு நின்றான். என்னோடு வேலை செய்கிற குப்பம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏண்டி, இவனுக்கு புத்தி கித்தி பேதலிச்சிடுச்சா? கம்பளியப் போத்திக்கினு வந்து நிக்கிறான்."

"சும்மா இரு, காதுல விழப்போவுது."

காதில் விழுந்தது. சிரித்துக்கொண்டே வந்தான். "ஆயா, ஒரு ஒத்தாசை பண்ணணும். நான் இது மேல ஏறிப் போவேன். நீங்க ரெண்டு பேரும் அந்தாண்ட ஒளிஞ்சிக்கினு பொடி உப்பைத் தூவணும். பனி கொட்டுற மாதிரி. அவ்ளோதான்."

"சினிமாவாப்பா?"

"சினிமா மாதிரிதான் ஆயா."

சினிமா என்றால் பொய் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. ஆனால் அவன் அந்த ஷூவோடு அம்பாரத்தில் கால் வைத்தபோது ஓரடி முன்னால் போனேன். "தம்பி, செருப்பு..." என்று ஆரம்பித்தேன். வரப்பில் குடை பிடித்து நின்ற சக்கரபாணி, "உடு தெய்வநாயகி, அரை நாள்தானே" என்றார். விட்டுவிட்டேன்.

முறத்தில் பொடி உப்பை எடுத்துக் காற்றில் தூவினேன். நன்றாகத்தான் தூவினேன், முப்பத்தைந்து வருஷக் கை. அவன் இரண்டடி ஏறுவான், திரும்பி, வரப்பில் முக்காலியில் நிறுத்தியிருந்த கேமராவைப் பார்த்து நடுங்குவான். குளிரில் வாயிலிருந்து புகை வர வேண்டுமே? அதற்கு ஒரு வேலை செய்தான் பாருங்கள். சிகரெட்டை இழுத்து அடக்கிக்கொண்டு, கேமரா ஓடியதும் மெதுவாக விட்டான். நாலு தடவை இழுத்ததில் இருமல் வந்துவிட்டது. இருமிக் காறி, காலடியில் இருந்த உப்பின் மேலேயே துப்பினான். மஞ்சளாக.

"தம்பி, அது துன்ற உப்புப்பா!"

"உப்புல கிருமியே இருக்காது ஆயா. சயின்ஸ்."

சொல்லிவிட்டு ஷூ முனையால் அதை மூடினான். பூனை மூடுவது போல. பூனையாவது மணலில் போகும்.

எல்லாம் முடிந்த பிறகு துடைப்பத்தால் காலடித் தடத்தையெல்லாம் நானே கூட்டிச் சமமாக்கினேன். பிரியாணி வந்தது. தின்றோம். அன்றைக்கு ராத்திரி வீட்டுக் குழம்பில் உப்புப் போடும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது. அது கடையில் வாங்கிய பாக்கெட் உப்பு. அதுவும் எங்கேயோ ஒரு அம்பாரத்திலிருந்துதானே வருகிறது?

இது நடந்து ஆறு வாரம் ஆகியிருக்கும். என் மகன் ஐயப்பனுடைய பெண் சிவசங்கரி, திண்டிவனத்தில் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். என்.சி.சி.யில் இருக்கிறாள். இமாச்சலத்தில் மலை ஏறுகிற முகாமுக்கு அவள் காலேஜிலிருந்து எடுத்தது இரண்டே பெண்களை. அதில் இவள் ஒருத்தி. எங்கள் வீட்டில் சென்னையைத் தாண்டி யாரும் போனதில்லை. மூன்று நாள் பனியிலேயே நடந்து, பனியிலேயே டென்ட் போட்டுத் தூங்க வேண்டுமாம். டென்டும் பையும் அங்கேயே தருவார்கள், ஷூ மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அதில் கட்டம் போட்டு ஒரு வரி. பனியில் கால் நனைந்தால் விரல் மரத்துக் கறுத்துப்போகும், சில சமயம் விரலையே எடுக்க வேண்டிவரும். அந்த வரியை அவள் எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

மூன்று வாரம் நோட்டுப் போட்டு எழுதி, எந்த ஷூ எடை குறைவு, எது தண்ணீர் புகாது, எது வழுக்காது என்று பார்த்துப் பார்த்து ஒன்றை வரவழைத்தாள். பெட்டியைத் திறந்ததும் பசை நாற்றம் குப்பென்று அடித்தது. ஆரஞ்சும் கறுப்பும் கலந்த ஷூ. எங்கேயோ பார்த்தது போல இருந்தது.

"இதத்தான் எடுக்கணும்னு எப்பிடிடி முடிவு பண்ண?" என்று ஐயப்பன் கேட்டான்.

"டெஸ்ட் பண்ணியே காட்டியிருக்காங்கப்பா. பன்னெண்டாயிரம் அடி ஒசரத்துல, பனியில. இத பாருங்க."

போனை நீட்டினாள். பனி கொட்டுகிறது. வெள்ளை மலை, லேசாக நீலம் பூசியது போல. அதில் ஒருவன் நடுங்கிக்கொண்டே ஏறுகிறான். வாயிலிருந்து புகை. 'மைனஸ் எட்டு டிகிரி நண்பர்களே, உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இல்ல' என்கிறான்.

"யப்பா, என்னமா கொட்டுது!" என்றான் ஐயப்பன்.

ஓரத்தில் ஒரு நொடி ஒரு கை வந்து போனது. பச்சை குத்திய கை. அதில் இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல். நான் என் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பிள்ளை ஷூவைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நாலு பக்கமும் டக்டக் என்று நடந்து காட்டிக்கொண்டிருந்தாள். நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன். தேய்க்க வேண்டியது ஒன்றும் இல்லை. தேய்த்ததையே தேய்த்தேன்.

மறுநாள் காலையில் அளத்துக்குப் போனதும் சக்கரபாணியிடம் நம்பர் வாங்கி கலையரசனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, நான் அன்னிக்கு உப்பு தூவுனேனே, அந்த ஆயா பேசுறேன்."

"சொல்லுங்க ஆயா! அந்த வீடியோ நாலு லட்சம் பேர் பாத்துட்டாங்க. உங்க கை ராசியான கை."

"அந்த ஷூ நெஜப் பனியில தாங்குமாப்பா?"

"தாங்கும்னுதான் கம்பெனியில சொல்றாங்க."

"நீ பனியில போட்டுப் பாத்தியா?"

"அய்ய, நான் பனியே பாத்ததில்ல ஆயா. ஏலகிரி போயிருக்கேன். அதுவும் கார்ல."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தணித்தான். "வீடியோக்குக் கீழ சின்னதா போட்டிருக்கேன் ஆயா, காட்சிகள் சித்தரிக்கப்பட்டவைன்னு. யாரும் அத நம்பி எவரெஸ்டு ஏறப் போறதில்ல."

"எம் பேத்தி ஏறப்போறாப்பா."

"ரெண்டு சாக்ஸ் போட்டுக்கச் சொல்லுங்க" என்றான்.

எனக்கு வந்த அருவருப்பை என்னவென்று சொல்வது? கழிவுநீரில் கை விட்டது போல இருந்தது. போனைப் புடவையில் துடைத்தேன்.

சாயங்காலம் சிவசங்கரியை உட்காரவைத்துச் சொன்னேன். அவள் நம்பவில்லை. எனக்கு அவள் தனியாகப் போவதில் பயம், அதனால் கதை கட்டுகிறேன் என்றாள். வீடியோவைப் போடச் சொல்லி, அந்த ஒரு நொடியில் நிறுத்தச் சொல்லி, என் கையைப் பக்கத்தில் வைத்தேன். அதே வளையல். பார்த்தாள்.

"நீயா ஆயா?"

"ஆமா."

"தெரிஞ்சேதான் தூவுனியா?"

"சினிமான்னு நெனச்சேன்."

"நேத்து வீடியோ பாத்தப்ப தெரிஞ்சிதுல்ல? நான் ஷூவப் போட்டுக்கினு ஆடுனேன். பாத்துக்கினுதான இருந்த?"

நான் அவள் மடியில் கை வைத்தேன். அவள் என் கையைத் தன் மடியிலிருந்து எடுத்து என் மடியிலேயே வைத்தாள். கோபத்தில் தள்ளியிருந்தால்கூடத் தேவலை. ஈரத்துணியை எடுத்து வைப்பது போல வைத்தாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவன் பொய் சொன்னான்றதால ஷூ மோசம்னு ஆயிடாது" என்றாள். "டெஸ்ட் பண்ணாததுதான் தப்பு. ஷூ நல்லாவே இருக்கலாம். அத எப்பிடிக் கண்டுபுடிக்கறது? இங்க பனிக்கு எங்க போறது?"

புத்திசாலிப் பெண். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

குல்பி ஐஸ் விற்கிறவர்கள் எங்கள் அளத்தில் வந்துதான் கல் உப்பு வாங்குவார்கள். ஐஸில் உப்பைப் போட்டால் அது வெறும் ஐஸைவிடக் குளிர்ந்துவிடும், அதில்தான் பால் உறையும். தெரியாமல் அதில் கையை விட்டால் கொஞ்ச நேரத்தில் விரல் இருக்கிறதா என்றே தெரியாது. பனி இல்லாவிட்டால் என்ன? ஐஸ் அனுமந்தைக் குப்பத்தில் இருக்கிறது. உப்பு என் காலடியில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பை கல் உப்போடு மீன் ஏலம் விடுகிற இடத்துக்குப் போனோம். மீன் வியாபாரி சிங்காரம் எனக்குப் பழக்கம். பெரிய தெர்மாகோல் பெட்டி ஒன்று நிறைய உடைத்த ஐஸ் கேட்டேன்.

"என்னா மீனு வைக்கப் போற?"

"ஷூ வைக்கப் போறேன்."

"ஷூவா! கெட்டுப்புடுமா?" என்று குப்பமே கேட்கச் சிரித்தார். ஆனால் பெட்டியைக் கொடுத்தார். பழைய பெட்டி. அடியில் செதிலும் நெத்திலித் தலையும் ஒட்டிக்கொண்டு, நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. சிவசங்கரி துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள்.

ஐஸில் உப்பைக் கொட்டிக் கிளறினோம். பெட்டிக்கு வெளியே வேர்த்தது. அவள் ஒரு ஷூவுக்குள் காய்ந்த பேப்பரைச் சுருட்டித் திணித்தாள், தண்ணீர் புகுந்தால் காட்டிக்கொடுக்கும் என்று. கணுக்கால் மட்டத்துக்குப் புதைத்து ஒரு மணி நேரம் விட்டோம். பத்து பேர் கூடிவிட்டார்கள். அன்றைக்கு ஏலத்தைவிட இதற்குத்தான் கூட்டம்.

எடுத்தபோது பேப்பர் ஊறிக் கூழாக இருந்தது. 'ஒரு சொட்டுத் தண்ணி இல்ல' என்று அவன் சொன்னது என் காதில் கேட்டது. பேப்பரை உருவி எறிந்துவிட்டு, ஷூவை அப்படியே மாட்டிக்கொண்டு சிவசங்கரி குதிகாலைத் தூக்கினாள், படி ஏறுகிறவள் மாதிரி. மூன்றாவது தடவை தூக்கியபோது படக்கென்று ஒரு சத்தம். விரல் மடிகிற இடத்தில் அடிப்பாகம் குறுக்கே வெடித்திருந்தது. சுண்டுவிரலே நுழைகிற அளவு.

யாரும் சிரிக்கவில்லை. சிங்காரம் குனிந்து அந்த வெடிப்பைத் தொட்டுப் பார்த்தார். "இதப் போட்டுக்கினா பாப்பா மலைக்குப் போவ இருந்துது?"

"ஆமாண்ணா" என்றேன். வெடித்த ஷூவை என் பையில் போட்டுக்கொண்டேன்.

கிளம்ப இன்னும் ஒன்பது நாள்தான். சிவசங்கரி சீனியர் விஜயலட்சுமிக்குப் போன் போட்டாள். போன வருஷம் இதே முகாமுக்குப் போய் வந்த பெண். அவளுடைய ஷூ இருக்கிறது, அதே அளவுதான், எடுத்துக்கொள் என்றாள். புதன்கிழமை காலேஜிலிருந்து எடுத்து வந்தாள். பையைத் திறந்ததும் நான் வாசலுக்கு ஓடிவிட்டேன்.

ஐயோ, அந்த நாற்றத்தை நான் எப்படிச் சொல்வது! ஒரு வருஷம் அலமாரியில் பூட்டிவைத்த ஈரக் காலுறையும் பழைய வேர்வையும் சேர்ந்த நாற்றம். உள்ளே பூஞ்சை கறுப்பாகப் படர்ந்திருந்தது. முனை தேய்ந்து, கயிறு இற்று, பார்க்கவே அருவருப்பு.

"இதையா கால்ல மாட்டுவ?"

"நாத்தத்துல வெரல் கறுத்துப் போவாது ஆயா" என்றாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அதையும் சிங்காரத்திடம் கொண்டுபோய் ஐஸில் புதைத்தோம். இந்தத் தடவை ஒன்றரை மணி நேரம். பேப்பர் மொறமொறவென்று வந்தது. குதிகாலை ஐம்பது தடவை தூக்கினாள். அடிப்பாகம் ரப்பர் மாதிரி வளைந்து கொடுத்தது. நனைந்த பாறையில் வழுக்குமா என்று பார்க்க, கடலரிப்பைத் தடுக்கப் போட்ட பாசி படிந்த கல்லின் மேல் ஏறி இறங்கினாள். நான் கீழே கை நீட்டிக்கொண்டு நின்றேன். பிடிக்க வேண்டியதாகவே இல்லை.

பிறகு வெந்நீரும் துணியும் வைத்து உட்புறத்தை நானே துடைத்தேன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, குமட்டிக் குமட்டித் துடைத்தேன். நிழலில் உலர்த்தி, இரண்டு துணிப்பையில் உப்பைக் கட்டி உள்ளே திணித்து நாலு நாள் வைத்தேன். ஈரத்தையும் நாற்றத்தையும் உப்பு உறிஞ்சிவிடும். அந்த உப்பை எங்கிருந்து எடுத்தேன் தெரியுமா? அவன் நடந்து, துப்பி, மூடின அந்த அம்பாரத்து உச்சியிலிருந்து. ஷூ மிதித்த உப்பு ஷூவுக்கே போகட்டும்.

அன்றைக்கே சக்கரபாணியிடமும் சொன்னேன். "அந்த அம்பாரத்து மேலுப்ப மூட்டையில கட்டாதீங்க. எச்சி பட்டது."

"ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு தெய்வநாயகி. வெயில்ல எல்லாம் போயிருக்கும்."

"அப்ப மொத மூட்டைய உங்க வீட்டுக்கு எடுத்துக்கினு போங்க."

என்னை முறைத்தார். ஆனால் மறுநாள் மேலுப்பு தனியாக வாரப்பட்டு, தோல் பதனிடுகிறவர்களுக்குப் போகிற குவியலில் கிடந்தது.

சிவசங்கரி கிளம்பிய மறுநாள் கலையரசன் மறுபடி வந்தான். இந்தத் தடவை டென்டும் வேறொரு ஷூவும். பெயர் தெரியாத ஏதோ ஒரு சிகரத்துக்குப் போகப் போகிறானாம், எங்கள் அம்பாரத்திலேயே. சக்கரபாணி பக்கத்து ஊருக்குப் போயிருந்தார்.

"ஆயா, முறத்த எடுத்துக்கினு வாங்க! பேத்தி கெளம்பிட்டாளா?"

நான் அம்பாரத்துக்கு முன்னால் போய் நின்றேன். குப்பம்மாளும் கூடையோடு வந்து பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் வெறுங்காலோடுதான்.

"ஏறுப்பா" என்றேன். "ஷூவக் கழட்டிட்டு ஏறு."

"ஆயா, ஷூவுக்குத்தானே வீடியோவே!"

"அது உம் பாடு. இது துன்ற உப்பு. வெறுங்காலோட ஏறு, வேணாங்கல."

"மொதலாளிகிட்ட பேசிட்டேன் ஆயா."

"அவரே செருப்ப வரப்புல உட்டுட்டுதான் வருவாரு" என்றாள் குப்பம்மாள். "நீ என்னா, அவருக்கும் மேலயா?"

சுற்றிலும் பார்த்தான். பாத்திகளில் இருந்த பெண்கள் எல்லாரும் உப்பு வாருகிற பலகையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வந்தால் காட்ட வேண்டும் என்று வெடித்துப்போன அந்த ஆரஞ்சு ஷூவை அளத்திலேயே வைத்திருந்தேன். அவன் கையில் கொடுத்தேன். மீன் நாற்றம் அடித்ததும் முகத்தைத் திருப்பினான்.

"உள்ள வெரல உட்டுப் பாரு. அந்த ஓட்டைக்குள்ளதான் எம் பேத்தி கால வைக்க இருந்தா."

விரலை விடவில்லை. ஷூவை வரப்பில் வைத்துவிட்டு, டென்டை எடுத்துக்கொண்டு வண்டி ஏறிவிட்டான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

எட்டாம் நாள் சிவசங்கரியிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. முகம் தெரியவில்லை, கால் மட்டும்தான். விஜயலட்சுமியின் அசிங்கம் பிடித்த ஷூ பனியில் கணுக்கால் வரைக்கும் புதைந்திருக்கிறது. கீழே எழுதியிருந்தாள்: 'சாக்ஸ் காய்ஞ்சே இருக்குது ஆயா. வெரல் பத்தும் இருக்குது. நாத்தம்தான் தாங்கல, டென்ட்ல எல்லாரும் என்னைத் தொரத்துறாங்க.'

நிஜப் பனி அவ்வளவு வெள்ளையாக இல்லை. சாம்பலும் மண்ணும் கலந்தது போல இருந்தது. எங்கள் உப்பு அதைவிட வெள்ளை. அதனால்தான் நாலு லட்சம் பேர் நம்பினார்கள் போலிருக்கிறது.

அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. இப்போது ஐந்து லட்சம் ஆகிவிட்டது. ஒரு நொடி என் கை வந்து போகிறது. பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அந்த வளையலைக் கழற்றி எறியலாமா என்று இருக்கும். அதன் கீழே ஒருவர், வருகிற மாதம் மகனோடு மலைக்குப் போகிறேன், இதையே வாங்கிவிட்டேன், நன்றி என்று எழுதியிருந்தார்.

சிவசங்கரி ஊர் திரும்பியதும் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நானும் அங்கே எழுதினேன். ஒரு விரலால்தான். 'இது பனி இல்லை. மரக்காணம் உப்பு. தூவினது நான். ஷூவை ஐஸும் உப்பும் போட்டுப் பார்த்தோம், ஒரு மணி நேரத்தில் வெடித்துவிட்டது. வாங்காதீர்கள்.'

சாயங்காலம் பார்த்தால் அதைக் காணோம். அழித்துவிட்டிருக்கிறான். மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தான். இப்போது காலையில் அளத்துக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை, வந்து கை கழுவியதும் ஒரு தடவை எழுதுகிறேன். முதலில் கால் மணி நேரம் ஆனது. இப்போது ஐந்து நிமிஷம்தான் ஆகிறது.